இன்னிக்கு என்ன கொண்டு வந்தே?

ஜனவரி 9, திங்கள்

சின்னவனுக்கு,

பிரித்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. இது சமாதானக் கடிதம் இல்லை. எனக்கு உன் கையெழுத்து ஒன்று வேண்டும், அவ்வளவுதான். போனில் கேட்கலாம் என்றால் என் நம்பரைப் பார்த்தால் நீ எடுக்க மாட்டாய். அம்மா போன மறுநாள் வாசலில் நின்று, அத்தனை பேர் முன்னால் "எங்கிட்ட ஏன் சொல்லல"ன்னு கத்திவிட்டுப் போனாயே, அதோடு சரி. ஆறு வருஷமாகப் போன் அடித்து எனக்கும் சலித்துவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். ஐம்பத்தாறு வயதில் நான் ஆங்கில வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். சிரித்தால் சிரித்துக்கொள். உன் மாமா ஏற்கெனவே வேண்டிய மட்டும் சிரித்தாகிவிட்டது.

நானாக இழுத்துவிட்டுக்கொண்ட வம்புதான். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இப்போது என்னை ஷிப்ட் பொறுப்பாளர் ஆக்கியிருக்கிறார்கள். ஷிப்ட் முடிந்ததும் ஆங்கிலத்தில் ஒரு ரிப்போர்ட் எழுதி வைக்க வேண்டும். போன மாதம் ஒரு நாள் பெரிய மெஷினுக்குப் பின்னால் குழாய் விட்டுப்போய்த் தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. நாங்களே பழைய போர்வைகளைப் போட்டு அணை கட்டி, மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சரி செய்து, துடைத்தும் விட்டோம். நான் ரிப்போர்ட்டில் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் "தண்ணீர் வருகிறது. தரை முழுக்க வருகிறது. யாரும் நடக்க முடியாது" என்று எழுதி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் மேனேஜர் அதைப் படித்துவிட்டு ஆளுக்கு மேல் ஆள் அனுப்பியிருக்கிறார். நாலு பேர் பம்பும் வாளியுமாக ஓடி வந்து, காய்ந்த தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். நான் வேலைக்குப் போனபோது மேனேஜர் கேட்டார்: "ஏம்மா, முடிஞ்சத முடிஞ்சதுன்னு எழுதத் தெரியாதா?"

தெரியாது. ஏன் தெரியாது என்பது உனக்குத் தெரியும்.

வகுப்பு எடுக்கிறவள் என் மகள் வயதுகூட இல்லாத பெண். "டீச்சர்" என்று கூப்பிட்டால் வெட்கப்படுகிறாள், "அக்கா" என்று என்னைக் கூப்பிடுகிறாள். ஆனால் விதி மட்டும் கறார். இறந்தகாலம் எழுதுகிறவர்கள் நிஜமாக நடந்ததைத்தான் எழுத வேண்டுமாம். வலது பக்கம் ஆங்கிலம், இடது பக்கம் தமிழ். நடந்தபோது கூட இருந்த ஒருவர் படித்துப் பார்த்து, அடியில் கையெழுத்துப் போட வேண்டும். மற்றவர்கள் எல்லாம் நேற்றைய கதையை எழுதிப் புருஷனிடமோ பக்கத்து வீட்டிலோ கையெழுத்து வாங்கிவிட்டார்கள். என் முறைக்கு அவள் கொடுத்த தலைப்பு, சின்ன வயதில் ஒரு நாள். அப்பா இல்லை, அம்மா இல்லை. அந்த வயதில் என்னைப் பார்த்தவன் என்று உலகத்தில் மிச்சம் இருப்பது நீ ஒருவன்தான். இதை எழுதும்போது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இடது பக்கத்தை இங்கேயே எழுதுகிறேன்.

"எங்கள் தெருக்கோடியில் ஒரு டீச்சர் இருந்தார். அவர் மழை இல்லாத நாளிலும் குடை வைத்திருந்தார். நாங்கள் அவரைக் குடை டீச்சர் என்று கூப்பிட்டோம். அவர் வீட்டு முன்னறையில் எட்டுப் பேருக்குத்தான் இடம் இருந்தது. வீட்டுக்கு ஒரு பிள்ளையைத்தான் சேர்த்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பேர். நான் திங்கள், புதன், வெள்ளி போனேன். தம்பி செவ்வாய், வியாழன், சனி போனான். பதிவேட்டில் ஒரு பெயர்தான் இருந்தது. இரண்டு பேரும் அதற்கு 'பிரசென்ட்' சொன்னோம். வீட்டுக்குத் திரும்பியதும் அம்மா 'இன்னிக்கு என்ன கொண்டு வந்தே?' என்று கேட்டாள். போனவர் போகாதவருக்கு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்."

இவ்வளவுதான். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாளில் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பிழை பார்க்கிறவன் நீ. இது எம்மாத்திரம்? கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிடு.

அக்கா


ஜனவரி 24, செவ்வாய்

அக்கா,

உன் தாள் இதனுடன் இருக்கிறது. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆங்கிலப் பக்கத்தில் பதினொரு பிழைகள். சிவப்பில் குறித்திருக்கிறேன். 'போனேன்' என்பதற்கு 'கோயெட்' என்று ஒரு சொல் எந்த அகராதியிலும் கிடையாது.

தமிழ்ப் பக்கத்தில் ஒரு தகவல் பிழை. நாம் தொட்டிமேல் உட்காரவில்லை. அந்தத் தொட்டிக்கு மூடியே இல்லை. கவிழ்த்துப் போட்ட ஓட்டை அண்டாமேல் உட்கார்ந்தோம். அதையும் திருத்திவிட்டேன்.

வேறு எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

தம்பி


பிப்ரவரி 6, திங்கள்

அண்டாவை ஞாபகம் வைத்திருப்பவனுக்கு,

வேறு எழுதுவதற்கு ஒன்றும் இல்லையாம்! அந்த அண்டாவை நான் சுத்தமாக மறந்தே போயிருந்தேன். உன் சிவப்பு மையைப் பார்த்ததும் அதன் நெளிந்த விளிம்பு கூடத் தொடையில் குத்துகிற மாதிரி இருந்தது. ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் நான். யாராவது ஒருவர் எழுந்தால் இன்னொருவர் கவிழ்ந்துவிடுவார். அதனால் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் எழுந்திருக்க வேண்டும். கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறையில் நின்று சிரித்தேன். உன் மாமா எட்டிப் பார்த்து, "என்ன, தம்பி மன்னிச்சுட்டானா?" என்று கேட்டார். "இல்ல, பதினொரு தப்பு கண்டுபிடிச்சிருக்கான்" என்றேன். "அப்ப பழையபடி ஆயிட்டான்" என்றார்.

டீச்சர் பெண்ணுக்கு உன்னை ரொம்பப் பிடித்துவிட்டது. "யாருக்கா இவரு, என்னவிட நல்லா திருத்தியிருக்காரு?" என்று வகுப்பில் எல்லாருக்கும் தாளைத் தூக்கிக் காட்டினாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உன் கையெழுத்தைப் பார்த்து ஆறு வருஷம் ஆகிவிட்டது என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் ரிப்போர்ட் இப்போது பரவாயில்லை. போன வாரம் நாலாவது வார்டுப் படுக்கை விரிப்புகளோடு ஒரு பல்செட் வந்துவிட்டது. உலர்த்துகிற மெஷினுக்குள் அது கடகடவென்று உருளுகிற சத்தம் கேட்டு, ஏதோ பேரிங் உடைந்துவிட்டது என்று மெஷினையே நிறுத்திவிட்டோம். "ஒரு பல்செட் வந்தது. அது உடையவில்லை. நாங்கள் அதைத் திருப்பிக் கொடுத்தோம். தாத்தா சாப்பிட்டார்." இப்படி எழுதினேன். மேனேஜர் கடைசி வரி தேவையில்லை என்றார். எனக்கென்னவோ அந்த வரிதான் தேவை என்று பட்டது.

இந்த வாரப் பாடம், நடக்காததைப் பற்றி எழுதுவது. எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இடது பக்கம் இதோ.

"ஒரு வாரம் குடை டீச்சர் இறந்தகாலம் நடத்தினார். செவ்வாயும் வியாழனும் சனியும் மட்டும் நடத்தினார், மற்ற நாளில் வேறு பாடம். தம்பி எனக்குச் சொல்லவில்லை. அம்மா 'இன்னிக்கு என்ன கொண்டு வந்தே?' என்று கேட்டாள். 'இன்னிக்கு டியூஷன் இல்ல' என்றான். அவன் ஒன்றும் கொண்டு வரவில்லை. மறுவாரம் டீச்சர் என்னைக் கேள்வி கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த மாதம் அப்பா படுத்துவிட்டார். நான் இஸ்திரிக் கடைக்கு வேலைக்குப் போனேன். அதற்குப் பிறகு டியூஷனுக்குப் போகவில்லை."

பழி வாங்குவதற்காக எழுதவில்லை. நாற்பத்து மூன்று வருஷம் கழித்துக் கேட்கிறேன், அவ்வளவுதான். அந்த வாரம் ஏன் சொல்லவில்லை?

அக்கா


பிப்ரவரி 21, செவ்வாய்

அக்கா,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். இந்த முறை பிழைகள் நான்குதான். பல்செட் கதையை இங்கே வாய்விட்டுப் படித்தேன், என் மனைவி சிரித்துச் சிரித்து இருமிவிட்டாள்.

நீ கேட்டதற்குப் பதில். குடை டீச்சருக்கு எல்லாம் தெரியும். ஒரு செவ்வாய்க்கிழமை என் நோட்டைப் பார்த்துவிட்டு, குடையால் என் முழங்காலைத் தட்டி, "திங்கக்கிழம வர்ற ஆளுக்குத்தான்டா மூளை இருக்கு. நீ அவ கொண்டு வந்து கொட்டுறதப் பொறுக்கிட்டு வர்றே" என்றார். வேறு யாருக்கும் கேட்கவில்லை. எனக்கு மட்டும்தான் கேட்டது. பத்து வயதில் அது எப்படிச் சுட்டது என்று இப்போது சொன்னால் உனக்குச் சிரிப்பாக இருக்கும். அன்றைக்குத்தான் அவர் இறந்தகாலத்தை ஆரம்பித்தார். உனக்குத் தெரியாத ஒன்றே ஒன்று எனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று நினைத்தேன். ஒரு வாரம் மட்டும். ஞாயிற்றுக்கிழமை அண்டாமேல் உட்கார்ந்து சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சித்தி வந்தாள், அடுத்த ஞாயிறு எனக்கு மனசு வரவில்லை, அதற்கப்புறம் அப்பா. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது இஸ்திரிக் கடையில் நீ ஸ்டூல்மேல் ஏறி நின்றுகொண்டு தேய்ப்பதைப் பார்த்தேன். மேஜை உனக்கு எட்டவில்லை. தெருவின் அந்தப் பக்கம் மாறி நடந்தேன்.

நம் டியூஷன் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. முன்பக்கத்திலிருந்து நீ எழுதியது, பின்பக்கத்திலிருந்து நான் எழுதியது. நடுவில் பன்னிரண்டு பக்கம் காலியாக இருக்கிறது. மூன்று வீடு மாறியும் தூக்கிப் போடவில்லை. அது உன்னிடம் இருந்திருக்க வேண்டிய நோட்டு. அதற்காக வருந்துகிறேன். நிஜமாகவே வருந்துகிறேன்.

ஆனால் அக்கா, சொல்லாமல் விட்டவன் நான் மட்டும்தானா? பத்து நாள் அம்மா படுத்திருந்தாள். நான் போன் செய்தபோதெல்லாம் "சளிதான்" என்றாய். கடைசியில் மாலை ஆறு மணிக்குப் போன் செய்து, அம்மா போய்விட்டாள் என்று சொன்னாய். அன்றைக்குக் காலையிலிருந்து அவள் என்ன பேசினாள், என்ன கேட்டாள், எப்படிப் போனாள், எதுவும் எனக்குத் தெரியாது. வாசலில் அவ்வளவு கேட்டேன். நீ வாயைத் திறக்கவில்லை. உன் டீச்சரிடம் கேட்டு அதை ஒரு பாடமாக எழுதிக்கொடேன். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

தம்பி


மார்ச் 6, திங்கள்

சின்னவனுக்கு,

நாலு நாள் உன் கடிதத்தை மடித்து மடித்து வைத்தேன். பிறகு டீச்சரிடம் போய், நானே ஒரு தலைப்பு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "எதப் பத்திக்கா?" என்றாள். "எங்கம்மா செத்த நாள்" என்றேன். அவள் "சின்னச் சின்ன வாக்கியமா எழுதுங்கக்கா, போதும்" என்றாள்.

ஆச்சரியம் என்னவென்றால், முதலில் ஆங்கிலத்தில்தான் எழுத வந்தது. தமிழில் எழுதினால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சாக்கு சேர்ந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் சாக்குச் சொல்லுகிற அளவுக்கு எனக்குப் பாஷை தெரியாது. அதனால் நடந்ததை மட்டும் எழுதினேன். அப்புறம்தான் இடது பக்கத்தை எழுதினேன். அப்படியே தருகிறேன்.

"அம்மா பத்து நாள் படுத்திருந்தாள். முதல் நாள் என்னிடம் சொன்னாள்: 'அவனுக்குச் சொல்லாத. இப்பத்தான் புது வேலைல சேர்ந்திருக்கான். வந்து அழுவான், எனக்குத் தாங்காது.' நான் சரி என்றேன். எட்டாவது நாள் தெருமுனை மருந்துக்கடைக்காரர் ஆக்ஸிஜன் சிலிண்டர் கொண்டு வந்து வைத்தார். 'பையனுக்குச் சொல்லிட்டீங்களா?' என்று கேட்டார். நான் தலையாட்டினேன். சொல்லவில்லை.

"பத்தாவது நாள் அம்மா காலையில் கஞ்சி குடித்தாள். தலை சீவச் சொன்னாள். சீவினேன். பிறகு கேட்டாள்: 'அவன் வரானா?' அவள் அப்படிக் கேட்பாள் என்று நான் நினைக்கவில்லை. நான் 'கிளம்பிட்டான், ஆறு மணி ரயில்ல ஏறிட்டான்' என்றேன். அது பொய். நான் அவனுக்குப் போன் செய்யவில்லை. மத்தியானம் செய்யலாம் என்று நினைத்தேன். இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்தேன்.

"அம்மா மணிக்கொரு தரம் கேட்டாள், இப்போது எங்கே வந்திருப்பான் என்று. நான் ஒவ்வொரு ஸ்டேஷனாகச் சொன்னேன். அந்த ரயில் எங்கே எப்போது நிற்கும் என்று எனக்குத் தெரியும். அவன் எப்போதும் அதில்தான் வந்தான். மூன்று மணிக்குமேல் 'இரும்புப் பாலம் தாண்டிட்டானா?' என்று கேட்டாள். 'இப்பத்தான் தாண்டினான்' என்றேன். பாலம் தாண்டினால் ஒரு மணி நேரத்தில் ஸ்டேஷன் என்று அவளுக்குத் தெரியும். நாலு மணிக்கு 'கதவத் திறந்து வை' என்றாள். திறந்தேன். அந்தத் தாழ்ப்பாள் சத்தம் போட்டது. அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். 'என்ன கொண்டு வரான்?' என்று கேட்டாள். 'ஒண்ணும் வேணாம்னு சொல்லிட்டேன்' என்றேன். சிரித்தாள். ஐந்து மணிக்குப் போய்விட்டாள்."

வாசலில் நீ கத்தியபோது நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இப்போது புரிகிறதா? "அம்மா உன்னைக் கேட்டாள், நீ ரயிலில் வருகிறாய் என்று நாள் பூராவும் அவள் காதில் பூச்சுற்றினேன்" என்று எந்த வாயால் சொல்வேன்? ஆறு வருஷமாக அந்த ரயில் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தத் தாளில் நீ கையெழுத்துப் போட முடியாது. நீ அங்கே இல்லை. திருத்தவாவது செய்.

அக்கா


மார்ச் 23, வியாழன்

அக்கா,

திருத்தவில்லை. மூன்று முறை சிவப்புப் பேனாவை எடுத்தேன். பிழைகள் கண்ணில் பட்டன. கை போகவில்லை.

உன் டீச்சர் சொன்ன மாதிரி நானும் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுகிறேன். இதற்கும் நீ கையெழுத்துப் போட முடியாது. நீ இங்கே இல்லை.

"ஒன்பதாவது நாள் மாலை மருந்துக்கடைக்காரர் எனக்குப் போன் செய்தார். 'அம்மாவுக்கு ரொம்ப முடியல தம்பி, ஆக்ஸிஜன் வெச்சிருக்கு, கிளம்பி வாங்க' என்றார். நான் லீவு சொன்னேன். பெட்டி எடுத்து வைத்தேன். மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு ஸ்டேஷனுக்குப் போனேன். டிக்கெட் வாங்கினேன். மூன்றாவது பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். ரயில் வந்தது. எல்லாரும் ஏறினார்கள். நான் ஏறவில்லை. ரயில் போனது. நான் பெஞ்சில் இருந்தேன்."

ஏன் என்று கேட்பாய். பயம். நான் போய்ப் பார்க்காத வரைக்கும் அவளுக்குச் சளிதான். நீ சொன்ன அந்த ஒரு சொல்லை இறுகப் பிடித்துக்கொண்டேன். மருந்துச் சீட்டில் பக்க விளைவுகள் எல்லாம் எழுத்துப் பிசகாமல் படிக்கிறவன் நான். ஆக்ஸிஜன் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் வரை அதே பெஞ்ச். பிறகு வீட்டுக்கு வந்து, ரயில் ரத்து என்று இவளிடம் சொன்னேன். மாலை உன் போன் வந்தது. கிடைத்த பஸ்ஸில் ஏறி மறுநாள் காலை வந்தேன். வாசலில் உன்னைப் பார்த்ததும், உன்மேல் கத்திவிட்டால் என்னை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்று தோன்றியது. கத்தினேன். யாரும் கேட்கவில்லை.

உன் தாளைப் படித்த அன்று பழைய கால அட்டவணையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். நீ அவளுக்குச் சொன்னது பொய்யே இல்லை. அந்த ரயில் அன்றைக்கு நேரத்துக்குத்தான் போனது. மூன்று பத்துக்கு அது இரும்புப் பாலத்தைத் தாண்டியது. நாலரைக்கு நான் அந்த வாசலில் இருந்திருப்பேன். அவள் ஐந்து மணி வரை பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எழுதியிருக்கிறாய்.

இதை எழுதிவிட்டேன். இனி நீ போன் எடுக்காமல் இருந்தால் அது நியாயம்தான்.

தம்பி


ஏப்ரல் 24, திங்கள்

டேய்,

ஒரு மாதம் உனக்கு எழுதக் கூடாது என்று இருந்தேன். இருந்தும் காட்டினேன்.

ஆறு வருஷம்டா. "பெத்த பிள்ளைக்குச் சொல்லாம அம்மாவ அனுப்பிட்டா" என்று சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். சித்தி சாகும் வரைக்கும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டேன், அவர்கள் சொல்வது சரிதான் என்று நினைத்து. நீ தெரிந்துகொண்டே அங்கே உட்கார்ந்திருந்தாய். கடிதத்தைப் படித்த அன்று நீ மட்டும் கையில் கிடைத்திருந்தால் ஈரப் போர்வையால் நாலு போடு போட்டிருப்பேன். மருந்துக்கடைக்காரரிடம் போய் நின்றேன். "ஆமாம்மா, நான்தான் போன் பண்ணினேன். அவரு வந்து சேர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சேன்" என்றார் பாவம். அவரிடம் என்ன சொல்ல? ஒரு இருமல் மருந்து வாங்கிக்கொண்டு வந்தேன். யாருக்கும் இருமல் இல்லை.

கோபம் இன்னும் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் அது பொய், டீச்சர் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

அவளிடம் தாளைக் கொடுக்க வேண்டிய நாள் வந்தது. "யாருக்கா கையெழுத்துப் போடுவா?" என்று கேட்டாள். அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர், ஒருத்தி போய்விட்டாள் என்றேன். உன் தாளையும் சேர்த்துக் கொடுத்தேன். உன்னைக் கேட்காமல் கொடுத்தது தப்புதான். அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள். என்னுடையதில் ஒரு வரி, உன்னுடையதில் ஒரு வரி என்று விரலை வைத்து மாற்றி மாற்றிப் படித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இதுக்குக் கையெழுத்து வேணாம்க்கா. ஒண்ணுக்கு ஒண்ணு சாட்சி" என்றாள்.

அப்போதுதான் எனக்கே புரிந்தது. அம்மா ஏமாந்து போனாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். ஆனால் அவள் முகம் எனக்குத் தெரியும். கவலையே இல்லாமல் வாசலைப் பார்த்துக்கொண்டு போனாள். அன்றைக்கு டிக்கெட் வாங்கியவன் நீ. ரயிலை ஓட்டியவள் நான். நடுவில் ஏறுவதற்குத்தான் ஆள் இல்லாமல் போய்விட்டது. இரண்டு பேரும் திருடர்கள்தான், இதில் யார் யாரை மன்னிப்பது?

இங்கே போர்வை மடிப்பதற்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து நடுவில் சந்திக்க வேண்டும். போன வாரம் கூட மடிக்கிறவள் வரவில்லை. நான் ஒற்றை ஆளாகத் தாடையால் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மடித்துப் பார்த்தேன். மடிக்கலாம். ஆனால் பார்க்க நன்றாக இல்லை.

மே பதினாலு ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஷிப்ட் இல்லை. ஞாயிற்றுக்கிழமை குடை டீச்சருக்கும் விடுமுறை. அது உன் நாளும் இல்லை, என் நாளும் இல்லை. ஆறு மணி ரயில் இன்னும் ஓடுகிறது, விசாரித்துவிட்டேன். வந்தால் வா. திட்டு உண்டு. சாப்பாடும் உண்டு.

அக்கா


மே 14, ஞாயிறு. ரயிலில்

அக்கா,

இதைத் தபாலில் போடப்போவதில்லை. கையில்தான் தருவேன். ரயில் ஆடுகிறது, கையெழுத்துக் கோணலாக இருக்கும், திருத்தாதே.

காலையில் மூன்றாவது பிளாட்பாரத்துக்குப் போனேன். அந்தப் பெஞ்சுக்குப் புதுப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். உட்காரவில்லை. ரயில் வந்தது. ஏறினேன். வண்டி நகரும் வரைக்கும் கதவுக் கம்பியை விடவில்லை, எங்கே இறங்கிவிடுவேனோ என்று எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை. இவள் ஜன்னலுக்கு வெளியே நின்று, "உள்ள போய் உக்காருங்க" என்று அதட்டினாள்.

மடியில் நம் நோட்டு இருக்கிறது. அம்மா இருந்தால் கேட்டிருப்பாள், இன்னிக்கு என்ன கொண்டு வந்தே என்று. நீ கேட்டாலும் சரிதான். நாற்பத்து மூன்று வருஷம் தாமதமாக, அந்தச் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளையும் கொண்டு வருகிறேன். உனக்கு இப்போது அது தேவைப்படாது. நடுவில் இருக்கிற காலிப் பக்கங்களில் உன் தாளையும் என் தாளையும் வைத்து ஒட்டிவிடலாம் என்று நினைக்கிறேன்.

மூன்று பத்துக்கு இரும்புப் பாலம் தாண்டியது. ஆற்றில் தண்ணீர் குறைவாக இருந்தது. சத்தம் அடங்கியதும் உனக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தாய். "பாலம் தாண்டிட்டேன்க்கா" என்றேன். நீ நடந்து போவது கேட்டது. பிறகு அந்தத் தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் கேட்டது.

தம்பி